ஈசானிய மூலையில் ஒரு மழைத் தோட்டம்

1

குடியாத்தத்தில் சிறு பத்திரிகை நடத்தும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "நம்ம பத்திரிகையில புலம்பெயர்ந்தவங்க பக்கம்னு ஒண்ணு இருக்குதே, அதுக்கு எழுதித் தாயேன்" என்றார். கனடாவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தவருக்கு வாசலில் பனி அள்ளி முதுகு பிடித்துக்கொண்டதாம். மலேசியாக்காரர் பேரப்பிள்ளை பிறந்த நாளிலிருந்து பேனாவைத் தொடுவதில்லையாம். அடுத்த தேசம் பெங்களூர்.

"நான் இங்கதானே இருக்கேன்? ரயில் ஏறினா மூணு மணி நேரத்துல வந்துடுவேன்" என்றேன்.

"வர்றியா என்ன?" என்று கேட்டார். வருடத்துக்கு ஒரு பொங்கலுக்குப் போவதோடு சரி. ஆக, நானும் புலம்பெயர்ந்தவள்தான்.

யோசித்துப் பார்த்தால் பாஸ்போர்ட்டைத் தவிர எல்லாத் தகுதியும் எனக்கு இருக்கிறது. வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. போன பொங்கலுக்கு நம் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் "சொல்ப நில்லுங்க" என்று பாதிக் கன்னடத்தில் சொல்ல, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. தமிழைப் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எழுதச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும்.

என்ன எழுதுவது என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். நான்காம் நாள் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நமது மழைத் தோட்டத்துக்கு முதல் பிறந்தநாள், ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கேக் வெட்டப்படும், குழந்தைகள் பச்சை உடையில் வரவும். கீழே வரிசையாகப் பூக்களும் தவளைகளும்.

அந்தத் தோட்டத்தை வரைந்தவள் நான். பிறந்த நாள் முதலாக, வானத்திலிருந்து நேராக அதன் தலையில் விழுந்ததைத் தவிர, ஒரு சொட்டு மழைத் தண்ணீர் அதற்குள் போனதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கேக்கில் என் பெயரைப் போடாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

2

என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளத்துக்கு நான் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு குளிர் நகரத்துக்கு மழைத் தண்ணீர் வடிய வழி வரைகிறேன். அந்த நகரத்தில் நான் கால் வைத்ததில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு தெருவும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அங்கே இப்போதெல்லாம் மழை வரைமுறை இல்லாமல் பெய்கிறது. அதற்காகக் குழாயை மட்டும் நம்பாமல் கூரையில் புல், நடைபாதையில் தண்ணீர் உறிஞ்சும் கல், தெருமுனையில் மழைத் தோட்டம் என்று நகரத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஜனங்கள். வரைபடத்தில் போட்ட குழியை வரைபடத்தில் போட்ட இடத்திலேயே தோண்டுகிறார்கள்.

மழைத் தோட்டம் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இருக்கிற இடத்திலேயே பள்ளமான மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும். அடியில் ஜல்லி, அதன் மேல் மணல், அதன் மேல் மண். வெள்ளத்தையும் வெயிலையும் தாங்கும் வெட்டிவேர், கல்வாழை போன்றவற்றை நட வேண்டும். மழை பெய்தால் சுற்று வட்டாரத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து நின்று, ஒரு நாளுக்குள் பூமிக்குள் இறங்கிவிடும். சாக்கடைக்குப் பாரம் குறையும், போர்வெல்லுக்கும் நல்லது. இதில் கவனிக்க வேண்டிய சொல் ஒன்றுதான்: பள்ளம்.

ஒரு தடவை அந்த நகரத்துக்காரர்களோடு வீடியோவில் கூட்டம். பொருள், வெள்ளத் தடுப்பு. நான் இருபது நிமிடம் தாமதம், ஏனென்றால் இங்கே சாலையில் நான் வந்த ஆட்டோ முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுவிட்டது. "நெட்வொர்க் பிரச்சினை" என்று சொன்னேன். உங்கள் ஊரிலும் இதெல்லாம் உண்டா என்று ஒருவர் ஆசையாகக் கேட்டார். நிறைய உண்டு என்றேன். புடவையின் ஓரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. நல்லவேளை, கேமரா மேல்பாதியை மட்டும்தான் காட்டும்.

3

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் அடுக்ககம் இருக்கும் இடத்தில் முன்பு வெள்ளைக்காரர்களின் கண்டோன்மென்ட் காலத்து வீடு ஒன்று இருந்ததாம். கட்டியவர்கள் லாரி லாரியாக மண் கொட்டி மனையை மூன்று அடி உயர்த்தி, அதன் மேல் நாற்பத்தெட்டு வீடுகளை அடுக்கினார்கள். பெயரில் ஒரு ஆங்கில மரமும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் வரும். இரண்டையும் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர் உள்ளே யாருமில்லை.

இது எனக்குப் புதிதல்ல. குடியாத்தத்தில் அப்பா வீடு கட்டியபோது பக்கத்து வீட்டைவிட ஒரு படி கூடுதலாக வைத்தார். எதிர்வீட்டுக்காரர் அடுத்த வருடம் இரண்டு படி கூட்டினார். பிறகு ரோடு போடுகிறவர்கள் வந்து பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டு எல்லோரையும் ஒரே நாளில் பள்ளமாக்கினார்கள். ஒவ்வொரு மழைக்கும் யார் வீட்டில் தண்ணீர் புகுந்தது என்பதுதான் எங்கள் தெருவின் தலைப்புச் செய்தி. புகாத வீட்டுக்காரர் வாசலில் நின்று மெதுவாக டீ குடிப்பார். அப்பாவும் குடித்திருக்கிறார், நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஊரை நினைத்தால் கண்ணீர் வருகிறது என்று எழுதுகிற கனடாக்காரர் இதை எழுதியிருக்க மாட்டார்.

எங்கள் அடுக்ககத்தின் தென்மேற்கு மூலையை ஒட்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் பிலோமினா டீச்சரின் வீடு. சிவப்புத் தரை, ஓட்டுக் கூரை, வாசலில் மாதா படம். நாங்கள் மூன்று அடி ஏறியதால் அவர்கள் இருந்த இடத்திலேயே மூன்று அடி இறங்கிவிட்டார்கள். எங்கள் தரையில் விழுகிற மழையெல்லாம் சரிந்து அந்த மூலைக்கு வந்து, மதிலின் அடியில் விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாக டீச்சர் வீட்டு முற்றத்துக்குப் போகிறது. டீச்சர் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார். அவருடைய கணவர் லாரன்ஸ் சார் ஒரு காலத்தில் டிரில் மாஸ்டர். பக்கவாதம் வந்து நான்கு வருடமாகக் கட்டிலில் இருக்கிறார். முதல் வருட மழையில் கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு செங்கல் வைத்தார்கள். அடுத்து இரண்டாவது வரிசை.

"இன்னொரு வாட்டி தண்ணி ஏறிச்சின்னா வீட்ட வித்துட்டுப் போயிடலாம்னு இருக்கோம்மா" என்று டீச்சர் ஒரு நாள் சொன்னார். "சார் தான் கண்ணாலயே வேணாங்கறாரு. பொறந்த வீடு இல்லியா."

டீச்சருக்காக நான் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். கால்வாய் தங்களுடையது, ஆனால் அதில் வரும் தண்ணீர் வேறு பிரிவு என்று ஒரு மேசை சொன்னது. தண்ணீர்ப் பிரிவோ, தண்ணீர் கால்வாய்க்குள் வந்த பிறகுதான் தண்ணீர், அதுவரை அது மழை என்றது. மூன்றாவது மேசையில் இருந்தவர் மனுவைக் கன்னடத்தில் கேட்டார். யாழினிதான் எழுதினாள். முத்து முத்தாக ஒரு பக்கம். எனக்குப் படிக்கத் தெரியாததால் கையெழுத்தை மட்டும் போட்டேன். பிள்ளை கையை விட்டுப் போகிறது என்று புலம்பெயர்ந்தவர்கள் அழுவது மரபு. நானும் அழுதிருப்பேன், ஆனால் அன்றைக்கு அவளை வைத்துத்தான் காரியம் ஆக வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. யாழினி படித்துச் சொன்னாள். உங்கள் வளாகத்தில் விழும் மழையை உங்கள் வளாகத்திலேயே இறங்க வைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றிருந்தது. அரசாங்கம் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல்.

4

ஐரோப்பாவுக்கு வரைகிற கையால் எங்கள் தென்மேற்கு மூலைக்கு ஒரு மழைத் தோட்டம் வரைந்தேன். சங்கத் தலைவர் ஜெகந்நாதன் சார், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பார்த்ததும் கையெழுத்துப் போட்டார். கிணறு, குழி வேலை செய்யும் முனியப்பாவை வரவழைத்தோம். ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள் அழகாகக் குழி எடுத்துவிட்டார்.

குழி எல்லா பால்கனிகளிலிருந்தும் தெரிந்தது. ஞாயிறு காலையில் அவசரக் கூட்டம். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நன்றி சொல்வதற்காகப் பிலோமினா டீச்சர் வாழைப்பழக் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"டிராயிங் ஃபர்ஸ்ட் கிளாஸ்மா" என்று ஆரம்பித்தார் ஜெகந்நாதன் சார். "ஆனா, கன்னி மூலையில குழி வெட்டலாமா?"

வாஸ்து நிபுணர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். அவர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து, குழியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். கன்னி மூலையில் பள்ளம் இருந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்றார். நாற்பத்தெட்டு குடும்பத் தலைவர்களில் யாருக்கு என்று அவர் குறிப்பிடவில்லை. எனக்கு மட்டும் அது பெயர் சொல்லிக் கேட்டது. என் கணவர் சேகருக்கு அதற்கு முந்தின மாதம்தான் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவர் மேலே வீட்டில் படுத்திருந்தார்.

"அப்போ எங்க வெட்டறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஈசானிய மூலை, வடகிழக்கு. அங்க தண்ணி நின்னா லட்சுமி."

"சார், அது மேடு" என்றேன். "இங்கேர்ந்து ரெண்டரை அடி மேடு."

"ரெண்டரை அடிதானேம்மா" என்றார் ஜெகந்நாதன் சார். "நீங்க டிராயிங்குல அந்த அம்புக்குறிய மட்டும் திருப்பிப் போட்டுடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அதில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் என்ஜினியர்கள். குழியை மாற்றச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் தலைவர். கைகள் எழுந்தன. நான் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சேகரின் கையில் ஊசி குத்தியிருந்த இடம் நீலமாக இருந்தது ஞாபகம் வந்தது. தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும் என்று நான்கு வருடம் கல்லூரியில் படித்து, பதினைந்து வருடம் அதை வைத்தே சம்பளம் வாங்கியவள், கையைத் தூக்கினேன். வீட்டுக்குப் போய் அம்புக்குறியையும் திருப்பினேன்.

மறுநாள் முனியப்பா குழியை மூட வந்தார். "நீரு மேல ஹத்தல்ல மேடம்" என்றவர், எனக்குப் புரியவில்லையோ என்று தமிழிலும் சொன்னார். "தண்ணி மேட்டுக்கு ஏறாது மேடம்."

"தெரியும்ண்ணா. மூடுங்க."

முதல் வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிடச் சொன்னேன். அவர் அதை நாலாக மடித்து மொபெட்டின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பொட்டலம் மடிக்க ஆகும் என்று வைத்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

5

ஈசானிய மூலை மழைத் தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்தது. கருங்கல்லில் திறப்பு விழாப் பலகை. அதில் வடிவமைப்பு என்று போட்டு என் பெயர். மழை மேட்டுக்கு வர மறுத்துவிட்டதால், செவ்வாயும் வெள்ளியும் டேங்கர் தண்ணீரை ஹோஸ் பைப்பில் விட்டார்கள். மழையைச் சேமிக்க வைத்த தோட்டத்துக்கு லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றிய ஒரே அடுக்ககம் எங்களுடையதாக இருக்காது என்று நம்புகிறேன், ஒரு ஆறுதலுக்காக. பசுமை அடுக்ககம் என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். கேடயம் கொடுத்தவர்கள் வெயில் காலத்தில் வந்தார்கள்.

யாழினியின் பள்ளியில் நகரமும் மழையும் என்று ஒரு புராஜெக்ட் வந்தது. எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொண்டாள். என் மடிக்கணினியில் இருந்த ஐரோப்பிய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சார்ட்டில் வரைந்தவள், பென்சிலைக் கீழே வைத்தாள்.

"மா, நம்ளதுல ஏரோ எல்லாம் உல்டாவா இருக்கு."

"மிஸ் அதெல்லாம் பார்க்க மாட்டாங்க. முடி" என்றேன்.

அவள் அம்புக்குறியே போடாமல் செடிகளுக்கு மட்டும் பச்சை அடித்து முடித்தாள். பிள்ளைகள் விலகிப்போவது மொழியால் என்று நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். எனக்கு என்னவோ அன்றைக்கு அது தமிழால் நடந்த மாதிரி தெரியவில்லை.

6

ஞாயிறு மாலை நான்கு மணி. பச்சை உடையில் குழந்தைகள், பச்சைக் கிரீம் தடவிய கேக், மேலே சர்க்கரையில் செய்த தவளை. ஜெகந்நாதன் சார் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பருவநிலைக்கும் அழைப்பு போயிருக்க வேண்டும், அவர் முடிப்பதற்குள் வந்துவிட்டது. பத்தே நிமிடத்தில் எதிரில் இருப்பவர் தெரியாத மழை. எல்லோரும் கேக்கைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு அடியில் ஓடினோம்.

அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் தளம் முழுக்க விழுந்த தண்ணீர், பிறந்தநாள் கொண்டாடும் தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கன்னி மூலைக்கு ஓடியது. என் முதல் வரைபடத்தில் போட்டிருந்த அதே பாதை, கோடு தப்பவில்லை.

போன் அடித்தது. பிலோமினா டீச்சர்.

"மா, தோட்டத்து ஓரம் கட்ட வாங்கின செங்கல்லு மிச்சம் இருந்துதே, ஜெனரேட்டர் பக்கத்துல. அதுல நாலு தர முடியுமா? சார் கட்டிலுக்கு."

நான் கேக் தட்டைக் கீழே வைத்தேன். ஆளுக்கு இரண்டாக நானும் யாழினியும் செங்கல்லை எடுத்துக்கொண்டு ஓடினோம். வேண்டாம் என்று கத்தக் கத்த சேகரும் பின்னாலேயே வந்தார். டீச்சர் வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். இரண்டாவது வரிசைச் செங்கல்லின் பாதி வரை ஏறியிருந்தது. லாரன்ஸ் சார் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நான், யாழினி, டீச்சர் மூவரும் கட்டிலைத் தூக்குவது, சேகர் உட்கார்ந்து செங்கல்லைத் தள்ளுவது என்று ஏற்பாடு. எங்களால் ஒரே நேரத்தில் தூக்க முடியவில்லை. அப்போது கட்டிலிலிருந்து குழறலாகக் குரல் வந்தது. "ஒன்... டூ..." என்றார் லாரன்ஸ் சார். நாங்கள் தூக்கினோம். ஒவ்வொரு காலுக்கும் அவரே எண்ணினார். நான்கு கால்களும் மூன்றாவது வரிசைக்கு ஏறின.

டீச்சர் துண்டு எடுத்து வந்து முதலில் சேகரிடம் நீட்டினார். "தம்பிக்கு இப்போ எப்டி இருக்கு? நெஞ்சு வலி கிலி வருதா?"

"ஒண்ணுமில்ல டீச்சர். நல்லா இருக்கேன்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு மீட்டிங்குல நீ கை தூக்கினத பாத்தேம்மா. மனசுல வெச்சிக்காத. அப்போதான் தம்பிக்கு ஸ்டென்ட் வெச்சிருந்தாங்க. நானா இருந்தாலும் தூக்கித்தான் இருப்பேன்."

நான் ஏன் கை தூக்கினேன் என்பது யாருக்கும் தெரியாது என்று ஒரு வருடமாக எனக்கு எண்ணம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என்ன மீட்டிங்? எதுக்குக் கை?" என்றார் சேகர்.

சொன்னேன். கன்னி மூலை, குடும்பத் தலைவர், அம்புக்குறி, எல்லாவற்றையும் தண்ணீரில் நின்றுகொண்டே சொன்னேன். யாழினியும் கேட்டுக்கொண்டிருந்தாள். சேகர் சிரிப்பார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார்.

"இவரும் ஒரு குடும்பத் தலைவர்தானே" என்றார்.

மழை விட்டுவிட்டிருந்தது. மதிலின் ஓட்டைகள் வழியாக எங்கள் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் பிறந்தநாள் பாட்டை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். நான் முற்றத்துக்கு வந்து முனியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நாளைக்குக் காலையில வர முடியுமா? எங்க மழைத் தோட்ட வேலைதான்."

"பர்த்தீனி மேடம்" என்றார். வருவதாகச் சொல்கிறார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "மீட்டிங் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. டீச்சர் வீட்டுல, அஞ்சு பேர் இருந்தோம்."

"எந்தப் பேப்பர் மேடம்?"

"முதல் பேப்பர்" என்றேன்.

"இருக்குது மேடம்" என்றார் முனியப்பா. "சீட்டுக்கு அடியிலதான் இருக்குது."